மூடிக்குள் வெள்ளை நுரை

ஸ்காபரோவில் எங்கள் கராஜுக்கு வருவது பெரும்பாலும் ஹொண்டாவும் ரொயோட்டாவும்தான். எப்போதாவது ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8 வரும். மற்ற மெக்கானிக்மார் அதைக் கண்டால் கை கழுவப் போய்விடுவார்கள். அதிலிருக்கும் ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டர் உள்ளது) எனக்குப் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அது என் தலையில்தான் விழும்.

குளிர்காலத்தில் இந்தக் கார்க்காரர்கள் கொண்டுவரும் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான். ஒயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் மோர் பூசியதுபோல வெள்ளை நுரை. சாதாரண என்ஜினில் இதைக் கண்டால் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள காஸ்கெட் போய், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) ஒயிலில் கலக்கிறது என்ற நினைப்புத்தான் முதலில் வரும். ரோட்டரியில் ஹெட்டும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண ரோட்டர்கள் இரண்டு, அவற்றைச் சுற்றி அலுமினியக் கூடுகள் (ஹவுசிங்) இரண்டு, நடுவிலும் இரு முனைகளிலுமாக வார்ப்பிரும்புத் தட்டுகள் மூன்று. கூடும் தட்டுமான இந்த ஐந்து துண்டுகளையும் வரிசையாக அடுக்கி நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருத்திலும் கூலன்ட் ஓடும் வழிக்கு உட்புறம் ஒரு ரப்பர் சீல், வெளிப்புறம் ஒன்று. வெளிச் சீல் போனால் கூலன்ட் நிலத்தில் சொட்டும். உள் சீல் போனால் எரியறைக்குள் போய் ஆவியாகிச் சைலன்சரால் வெளியேறும். ஒயிலோடு கலப்பது அரிது. ஒயில் கூலர்கூட முன்பக்கத்தில் காற்றில்தான் குளிர்கிறது, அதற்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு ஜனவரியில் வந்த பெடியனுக்கு வேறொரு கராஜில் என்ஜினைப் பிரித்துக் கட்டவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முகம் செத்துப்போய் நின்றான். "வேலைக்கு எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டேன். "பத்து நிமிசம் அண்ணை." எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. இந்தக் காரில் ஒயில் ஊற்றும் குழாய் என்ஜினைவிட்டு உயர்ந்து நிற்கும் நீளமான குழாய். என்ஜின் முழுதாகச் சூடேறுமுன் நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த இடத்தில் படிந்து ஒயிலோடு நுரைக்கும்.

ஆனாலும் ஊகத்தை மட்டும் நம்பிக் காரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் சுத்தம். மூடியில் இருந்த நுரையில் ஒரு துளியையும் அடியிலிருந்து எடுத்த ஒயிலில் ஒரு துளியையும் சூடான தட்டில் விட்டேன். நுரை படபடவென்று பொரிந்தது, ஒயில் சத்தம் போடவில்லை. பிறகு கூலன்ட் பக்கத்துக்கு, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அளவு அமுக்கம் ஏற்றி இரவு முழுக்க விட்டோம். காலையிலும் ஊசி அசையவில்லை, ஸ்பார்க் பிளக் நான்கும் காய்ந்தே இருந்தன. கிழமைக்கு ஒருமுறை 401 நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டு என்று சொல்லி அனுப்பினேன். அடுத்தமுறை வந்தபோது மூடி சுத்தமாக இருந்தது.

அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். ரோட்டரி ஒயிலைக் குடிக்கத்தான் வேண்டும், சீல்களுக்காக ஒரு சிறு பம்ப் ஒயிலை எரியறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே மட்டம் குறைந்தால் ஊற்றினால் போதும். பல மாதம் ஓட்டியும் குறையவில்லை, அல்லது ஏறுகிறது என்றால்தான் கவலை, ஏதோ ஒன்று உள்ளே கலக்கிறது. அநேகமாக அது பெற்றோல்தான், மணந்து பார்த்தாலே தெரியும். குளிரில் ஸ்டார்ட் பண்ணி, வாசலில் பனி வழிக்க இடம்விட்டு நகர்த்தி, உடனே நிறுத்துகிறவர்களின் காரில் இது நடக்கும். பிளக்குகளும் நனைந்து மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. அப்போது அக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெற்றோல் வருவது நின்றுவிடும்.

உண்மையிலேயே என்ஜின் போன கார் வந்தது பனி கரைந்த பிறகு. ஒயில் தேன் மாதிரி, மூடியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. வைத்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர், காரைப் பிள்ளைபோலத் துடைத்து வைத்திருப்பவர். கூலன்ட் குறைவு என்ற விளக்கு எரிகிறது, தண்ணீர் விட்டால் அணைகிறது, அவ்வளவுதான் என்றார். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் வெள்ளைப் புகை வருமா என்று கேட்டேன். "குளிருக்கு எல்லாக் காரும்தானே புகைக்குது" என்றார். அவர் சொன்னதும் சரிதான், ஆனால் சாதாரணக் குளிர்ப் புகை இனிப்பாக மணக்காது, கூலன்ட் கலந்த புகைதான் அப்படி மணக்கும்.

இரவு அமுக்கம் ஏற்றி விட்டதில் காலையில் இறங்கியிருந்தது. பிளக்குகளைக் கழற்றி என்ஜினைச் சுற்ற, முன் ரோட்டரின் துளையிலிருந்து பச்சைத் தண்ணீர் சீறியது. கூலன்ட் ஊற்றும் வாயிலிருந்து வரும் காற்றை நீலத் திரவத்துக்குள் விட்டுப் பார்த்ததில் அது மஞ்சளானது. எரிந்த புகை தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம்.

ஆனால் கம்பிரெஷன், அதாவது எரியறையில் காற்று அமுங்கும் அளவு, நல்லாக இருந்தது! சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் கூடியதை மட்டும் காட்டும் என்பதால், மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரிக் கருவியால்தான் பார்த்தேன். நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக்கூடாது. எல்லா முகமும் அதற்கு மேலேதான். அந்த எண்கள் இருந்த தாளைப் பிடித்துக்கொண்டு, என்ஜின் நல்லது என்று அவர் விடாமல் நின்றார். கம்பிரெஷன் சொல்வது ரோட்டரின் முனைச் சீல், பக்கச் சீல்களின் கதையை. தண்ணீர்ச் சீல் சிறிதாகக் கசிந்தால் அந்த எண்ணில் தெரியாமல் போகலாம். இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு தேநீர் நேரம் பிடித்தது.

கசிவை அடைக்கும் மருந்து ஒரு போத்தல் கூலன்டில் விட்டால் என்ன என்று கேட்டார். நான் விடுவதில்லை. ஹீட்டரின் மெல்லிய குழாய்கள்தான் முதலில் அடைபடும்.

பிரித்தபோது, பிளக் பக்கத்தில், சீல் உட்காரும் பள்ளத்தின் சுவரைத் துரு தின்றிருந்தது. வருடக்கணக்காகக் கூலன்ட் மாற்றாமல் வெறும் தண்ணீரை விட்டதன் வேலை. எரியறையைச் சுற்றியுள்ள பகுதிகளில் அதிகம் வேகுவது அந்தப் பக்கம்தான். டாஷ்போர்டிலுள்ள வெப்ப ஊசியோ நடுவில் ஏறி நின்றால் பிறகு நன்றாகச் சூடேறும்வரை அசையாது, அதனால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. புதுச் சீல் போட்டாலும் பிடிக்கச் சுவர் இல்லை, அந்த இரும்புத் தட்டு குப்பைக்குத்தான். விபத்தில் அடிபட்ட காரின் என்ஜின் ஒன்றைத் தேடினார். வாங்குமுன் மூன்று முகத்தின் எண்களோடு, இரவு அமுக்கம் நிற்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். விற்கிறவர் முதலாவதுக்கு மட்டும் சம்மதித்தார். அந்த என்ஜினை விட்டுவிட்டு வேறொன்று தேடுகிறார்.