பிளந்த குச்சியும் கட்டம்போட்ட துணியும்: ஷெரிஃப் கணக்குக் காட்டிய விதம்

12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு கவுண்டியை, நம் கணக்கில் ஒரு மாவட்டத்தை, அரசர் பெயரில் நடத்தியவர் ஷெரிஃப். மெட்ராஸில் வெகுகாலம் கௌரவப் பதவியாக இருந்த ஷெரிஃபுக்கு இவர்தான் முன்னோடி. ஆனால் இவர் கையில் வசூல், நீதிமன்றம், சிறை எல்லாமே இருந்தன. அரசரோ வருடக்கணக்கில் கடல் தாண்டி பிரான்சில் இருப்பார். இப்படிப்பட்ட ஆளை எதை வைத்துக் கட்டுப்படுத்துவது?

ஏற்பாடு குத்தகைதான். ஒவ்வொரு கவுண்டிக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அதைக் கட்டிவிட்டு மிச்சத்தை ஷெரிஃப் வைத்துக்கொள்ளலாம். ஈஸ்டருக்குப் பாதி கட்ட வேண்டும். செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளை ஒட்டி மீதியைக் கட்டி, நேரில் வந்து முழுக் கணக்கும் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்கும் இடத்தின் பெயர் எக்ஸ்செக்கர். முதலாம் ஹென்றி காலத்தில், 1110 வாக்கிலேயே இந்தப் பெயர் ஆவணத்தில் வந்துவிடுகிறது. இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் கேள்வி-பதிலாக ஒரு கையேடு எழுதி வைத்ததால், அந்த அறையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுவரை நமக்குத் தெரியும்.

நடுவில் ஒரு மேசை. 10 அடி நீளம், 5 அடி அகலம், தொகையை எண்ண வைக்கும் காய் உருண்டு விழாமல் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கட்டம்போட்ட கறுப்புத் துணி. எக்ஸ்செக்கர் என்ற பெயரே இந்தச் சதுரங்கக் கட்டத்திலிருந்து வந்தது. கணக்கரின் வலது ஓரத்தில் பென்னி, அடுத்து ஷில்லிங், பவுண்டு, பிறகு இருபது, நூறு, ஆயிரம் பவுண்டு என்று பத்திகள். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கட்ட வேண்டியதை மேல் வரிசையில் காயாக அடுக்குவார்கள், கட்டியதைக் கீழ் வரிசையில். கீழே இருப்பதை மேலிருந்து கழித்தால் மிஞ்சுவது பாக்கி. ரோமன் எண்களை எழுதிக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. இங்கேயோ எழுத்து தெரியாத ஷெரிஃபும் தன் பாக்கியைக் கண்ணால் பார்க்கலாம். மேசையைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் பார்க்கலாம். இந்த முறையின் பெரிய பலம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

சரி, கட்டியதற்கு என்ன அத்தாட்சி? பெரும்பாலும் ஹேசல் மரக் குச்சி ஒன்று, ஏறக்குறைய ஒரு சாண் நீளம். தொகைக்கு ஏற்ப அதில் வெட்டு. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அகலம். ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறிய வெட்டு. பென்னிக்கு மரத்தைச் செதுக்காமல் வெறும் கீறல். 23 பவுண்டு 4 ஷில்லிங் 2 பென்னி என்றால் ஒரு சுண்டுவிரல் வெட்டு, மூன்று பார்லி வெட்டு, நான்கு சின்ன வெட்டு, இரண்டு கீறல். பிறகு வெட்டுகளின் குறுக்கே குச்சியை நெடுக்காகப் பிளப்பார்கள். நீளமான பாதி பணம் கட்டியவருக்கு, குட்டையான பாதி கருவூலத்துக்கு. ஷெரிஃப் தன் பாதியில் ஒரு வெட்டு கூட்டினால் மறுபாதியில் அது இருக்காது. வேறு குச்சியில் புதிதாக வெட்டிக் கொண்டுவந்தால் மரத்தின் ரேகை சேராது. கருவூல எழுத்தர் கைவைத்தாலும் இதே கதிதான். இரு பக்கத்தையும் ஒரே குச்சி கட்டிப்போட்டது.

காசின் தரத்திலும் ஏமாற்ற இடம் உண்டு: தேய்ந்த காசு, ஓரம் சுரண்டிய காசு, கலப்படக் காசு. அதற்குத்தான் உருக்கிப் பார்க்கும் சோதனை. ஷெரிஃப் கொட்டிய குவியலைக் கலந்து 44 ஷில்லிங் எடுத்துப் பையில் போட்டு முத்திரை வைப்பார்கள். அதில் 20 ஷில்லிங்கை உருக்கி, கிடைத்த வெள்ளியை ஒரு பவுண்டு எடைக்கல்லோடு தராசில் வைப்பார்கள். சமன் செய்ய 6 பென்னி சேர்க்க வேண்டியிருந்தால், அவர் கட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் 6 பென்னி பிடித்தம். உருக்கியவர் கெடுத்துவிட்டார் என்று ஷெரிஃப் ஆட்சேபித்தால், பையிலேயே இன்னொரு 20 ஷில்லிங் தயாராக இருக்கும்.

செலவுக் கணக்கு இன்னும் கறார். அரசருக்காகச் செலவழித்தேன் என்றால் அரசரின் ஆணைச் சீட்டைக் காட்ட வேண்டும். கோட்டைச் சுவரைப் பழுதுபார்த்த வேலை என்றால், அதைப் பார்த்த சாட்சிகளும் வேண்டும். முடிவை ஆட்டுத்தோல் சுருளில் எழுதுவார்கள். ஏன் ஆட்டுத்தோல்? சுரண்டி அழித்தால் தடம் தெரிந்துவிடும். கருவூலத் தலைவரின் எழுத்தர் ஒரு சுருள் எழுத, அரசரின் ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரியான சான்சலரின் எழுத்தர் பக்கத்திலிருந்து அதைப் பார்த்து இன்னொன்று எழுதுவார். பாக்கி இல்லையென்றால் லத்தீனில் "விடுபட்டார்" என்று ஒரு வரி. இருந்தால் "தர வேண்டும்" என்று எழுதி, அடுத்த வருடச் சுருளிலும், அதற்கடுத்ததிலும் கொண்டுபோவார்கள். இப்போது கிடைக்கும் சுருள்களில் மிகப் பழையது 1129-30-ஆம் ஆண்டுக்கானது.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய ஓட்டை. அரசருக்கு வரவேண்டியது வந்ததா என்பதை மட்டுமே அந்த மேசை கேட்டது. குடியானவரிடம் ஷெரிஃப் எவ்வளவு பிடுங்கினார் என்பது எந்தக் குச்சியிலும் இல்லை. குத்தகைக்கு மேல் வருவது அவருக்கே என்றால், பிடுங்கத்தானே செய்வார்?

நான்கு ஆண்டு பிரான்சில் இருந்துவிட்டு 1170-இல் திரும்பிய இரண்டாம் ஹென்றி ஒரு விசாரணை நடத்தினார். இந்த முறை கேள்வி ஊர்க்காரர்களிடம் போனது. அரசர் போன நாள்முதல் ஷெரிஃபும் அவருடைய ஆட்களும் உங்களிடம் எவ்வளவு வாங்கினார்கள், எதற்காக, தீர்ப்போடா தீர்ப்பில்லாமலா என்று சத்தியம் வாங்கிக் கேட்டார்கள். பெரும்பாலான ஷெரிஃப்கள் பதவி இழந்தார்கள். பலருடைய இடத்தில் எக்ஸ்செக்கர் பழக்கம் உள்ளவர்கள் வந்தார்கள்.

ஆனால் குத்தகை முறை போகவில்லை. அடுத்து வந்த அரசர்கள் பழைய தொகைக்கு மேல் கூடுதல் கேட்கத் தொடங்க, ஷெரிஃப் அதையும் ஊரிடமே கறந்தார். அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான 1215-இன் மாக்னா கார்ட்டாவில் 25-ஆம் பிரிவு இதைத்தான் தடுத்தது: அரசரின் சொந்தப் பண்ணைகள் நீங்கலாக, கவுண்டிகள் எல்லாம் பழைய குத்தகைத் தொகையிலேயே இருக்க வேண்டும், கூடுதல் கூடாது. அடுத்த ஆண்டே சாசனத்தைத் திருத்தி வெளியிட்டபோது அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள்.