பன்னெண்டாவது நாள் வந்த காலனி

ஜூன் 8, 2024
புது ஆன்டிபயாடிக் சுரக்கற பாக்டீரியாவ மண்ணுல தேடறதுதான் இப்ப லேப்ல என் வேலை. பெங்களூர்ல நேத்து ராத்திரி நல்ல மழை, காலைல ஊருக்கு வெளிய ஹெசரகட்டா பக்கம் தெரிஞ்சவங்க மாந்தோப்புல கறையான் புத்துக்கிட்ட மேல் மண்ணத் தள்ளிட்டு பத்து சென்டிமீட்டர் கீழ இருந்து ஒரு கவர் மண்ணு எடுத்தாச்சு. அந்த மண்வாசனை எனக்கு ரொம்பப் புடிக்கும், அது ஜியோஸ்மின், ஸ்ட்ரெப்டோமைசஸ் மாதிரி பாக்டீரியாதான் அத உண்டாக்குது. அல்சூர்ல வீட்டுக்கு வந்து வீட்டுக்காரப் பாட்டிகிட்ட காட்டுனேன். "புத்து மண்ணா? எங்க ஊர்ல அரிப்பு வந்தா இதத்தாண்டி கரைச்சுப் பூசுவோம்"னாங்க.

ஜூன் 12
மூணு நாள் நிழல்ல காயவெச்சு, நேத்து 55 டிகிரில ஒரு மணி நேரம் சூடு காட்டுனேன். ஸ்போர் (விதை மாதிரி) வெச்சிருக்கறது தாங்கும், மத்ததுல நிறைய செத்துடும். இன்னிக்கு பத்தாயிரத்துல ஒரு பங்கா கரைச்சு ஸ்டார்ச் கேசீன் அகார் பிளேட்ல (பாக்டீரியாவுக்கு சாப்பாடு கலந்த ஜெல்லி) போட்டாச்சு, பூஞ்சை வராம இருக்க சைக்ளோஹெக்சிமைடு. 28 டிகிரி. இனி காத்திருக்கணும்.

ஜூன் 19
காலனிங்க வந்திருக்கு, ஒவ்வொண்ணும் பாக்டீரியா பெருகி ஆன புள்ளி! சுண்ணாம்பு தூவுன மாதிரி வெள்ளை, சாம்பல், ஒண்ணு ரெண்டு மஞ்சள், ஊசியால எடுத்தா அகாரையும் பேத்துக்கிட்டு வருது, ஆக்டினோபாக்டீரியாவோட (ஸ்ட்ரெப்டோமைசஸ் இருக்கற கூட்டம்) கெட்டியான புடி அப்படித்தான். மொத்தம் 41 எடுத்தேன். 14-ஆம் நம்பர் சுத்தி அகாரே மஞ்சளாயிடுச்சு, மனசு அங்கேயே நிக்குது.

ஜூன் 24
பழைய பிளேட்டெல்லாம் ஆட்டோகிளேவுக்கு (ஆவில கிருமியக் கொல்ற பாத்திரம்) அனுப்ப எடுத்து வெச்சிருந்தாங்க, கடைசியா ஒரு தடவ பாப்போம்னு வெளிச்சத்துல புடிச்சப்போ ஒரு ஓரத்துல கடுகு அளவுகூட இல்லாத வெளிர் ஆரஞ்சு காலனி. ஏழாவது நாள் இது இல்லவே இல்ல. பன்னெண்டாவது நாள்ல வந்திருக்கு. நம்பர் 42.

ஜூலை 3
14-ஓட அகார் துண்ட ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கற நோய்க்கிருமி மேல வெச்சோம், சுத்தி கிருமி வளராத தெளிவான வட்டம், 19 மில்லிமீட்டர். ராத்திரி தூக்கமே வரல.

ஜூலை 11
14 சுரக்கறதோட மாஸ் ஸ்பெக் (மூலக்கூறு எடை பாக்கற சோதனை) வந்துச்சு. 1255 கிட்ட ஒரு பீக், சீனியர் அக்கா பாத்த உடனே "ஆக்டினோமைசின்மா"ன்னாங்க. 1940-லயே வாக்ஸ்மன், உட்ரஃப்னு ரெண்டு விஞ்ஞானிங்க மண்ணுல இருந்து எடுத்தது, இன்னிக்கும் குழந்தைங்களோட சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தா குடுக்கறாங்க. நல்ல மருந்துதான், ஆனா புதுசு இல்ல. வேகமா வளர்றதத்தான் எண்பது வருஷமா எல்லாரும் எடுத்திருக்காங்க, அதனால வேகமா வளர்றத எடுத்தா பழசுதான் கைக்கு வரும்னு இப்பதான் உறைக்குது. 2015-ல அறிவிச்ச டெய்க்சோபாக்டின்ங்கற ஆன்டிபயாடிக் கூட, சாதா பிளேட்ல வளராத பாக்டீரியாவ மண்ணுக்குள்ளேயே வெச்சு ஐசிப்னு ஒரு கருவில வளத்து எடுத்ததுதானே.

அழுகையா வந்துச்சு. பாட்டி ரசம் சாதம் போட்டாங்க, எதுவும் கேக்கல.

ஜூலை 29
42 கடைசியா வளந்துச்சு, மூணு வாரம் ஆச்சு. வட்டம் சின்னதுதான், 11 மில்லிமீட்டர், அதுல அகார் துண்டே 6, ஈ.கோலைங்கற இன்னொரு பாக்டீரியா மேல ஒண்ணுமே இல்ல. ஆனா 16 எஸ் சீக்வென்ஸ் (பாக்டீரியாவ அடையாளம் பாக்கற ஜீன்) இன்னிக்கு வந்துச்சு, பேரு தெரிஞ்ச சொந்தக்காரன்ல ரொம்ப நெருங்குனதே 97.4 சதவீதம்தான்! 98.7-க்குக் கீழ போனா புது ஸ்பீஷிஸா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இன்னும் முழு ஜீனோம் படிக்கணும், ரெண்டு நாட்டு கல்ச்சர் கலெக்ஷன்ல (கிருமிய சேத்து வெக்கற இடம்) குடுக்கணும், அப்பறம்தான் பேரு. பாக்டீரியா புதுசா இருந்தாலும் அது சுரக்கறது பழைய மருந்தாவே இருக்கலாம், அது தனியா பாக்கணும். இருந்தாலும் கை நடுங்குது.

சாயங்காலம் அதே மண்ண இருபது பிளேட்ல திரும்பப் போட்டேன். ஆறு வாரம் இருக்கட்டும். தூக்கிப் போடாதீங்கன்னு தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதி ஒட்டிட்டு வந்தேன்.