ஆளுக்கு ஐம்பது வெள்ளி

"எதுக்கு ஐம்பது வெள்ளி? ஓடு என்ன விலை, கூலி எவ்வளவு? அதைச் சொல்லிட்டுக் கேளுங்க தம்பி."

இன்று காலை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் கூட்டம். கூரை ஓட்டுக்கு ஆளுக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கேட்டபோது ஒரு பாட்டி எழுந்து இப்படிக் கேட்டார்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை. கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள் இன்னும் முழுசாக நீளாது. அந்தக் கையில் கணக்குத்தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். பிறகுதான் கையைத் தூக்கினார். மண்டபமே தூக்கியது.

கோயில் வசூலுக்கே நம்மைக் கேட்கிறார்கள். ஆனால் 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தபோது நம்மை யார் கேட்டார்கள்? வீட்டு வரி வாங்கும் ஊராட்சி மன்றத்துக்குக்கூட 1965-இலிருந்து தேர்தல் இல்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் 1992-இல் மக்களே வாக்களித்து ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அங்கே புது வரி என்றால் வாக்காளர் சம்மதம் வேண்டும். அரசு செலவு வரம்பைத் தாண்டினாலும் அப்படித்தான்.

சரி, எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு என்றால் வேலை இழுக்கும். பள்ளிக்கும் சாலைக்கும் பணம் தாமதமாகும். ஆனாலும் புது வரிக்காவது நம்மிடம் வந்து கேட்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பத்து வெள்ளி நோட்டுகள் ஐந்து. ரசீது வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.