மூவாயிரம் ரூபாவுக்கு ஒரு தட்டு

முதலில் காசைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிறு எரிந்துகொண்டே இருக்கும். பதிவுக் கட்டணம் ஆளுக்கு 4,500 ரூபா, பெற்றோல் ஐயாயிரத்தை ஒட்டி, நடுவழியில் ஓட்டோக்காரர் ஒருவருக்கு 3,000. எல்லாம் கண்டியிலிருந்து நுவரெலியா போய் வர. பஸ்ஸில் போயிருந்தால் மிச்சக் காசில் வீட்டுக்கு ஒரு மாதத்து மரக்கறி வாங்கியிருக்கலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றில் என் மாமாவும் உறுப்பினர். ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'இலையுதிர்கால உலா' என்று அழைப்பு வந்தது. நம் மலையில் எங்கே ஐயா இலையுதிர்காலம்? தேயிலை இலையுதிர்க்க ஆரம்பித்தால் தோட்டத்து லயத்தில் இருக்கிறவர்களுக்கு அரைப்பேர்கூட, அதாவது அரைநாள் சம்பளம்கூட, விழாது. ஐப்பசி மழையும் மூடுபனியும்தான் எங்களுக்குக் காலநிலை, அதிலும் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு வரும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் சங்கத்துக்குப் புத்தி இருந்தது.

மாமாவின் வண்டி 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். '1 ஸ்ரீ' இலக்கத்தகடு. அந்த ஒற்றைச் சிங்கள எழுத்துக்காக 1958இல் இந்த நாட்டில் நடந்த அமளியெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம், தகடு அப்படியே இருந்தால் காருக்கு விலை கூடும் என்பதுதான் பேச்சு. 948 சிசி இயந்திரம், நாலு கியர். திரும்பும்போது விளக்கு மினுங்காது, கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீட்டும். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னால் மினி காரையும் செய்தவர். 1948இலிருந்து பதினாறு லட்சத்துக்கும் மேல் செய்தார்களாம். அதில் இத்தனை இங்கே இன்னும் ஓடுவதற்குக் காரணம் பாசம் இல்லை. 1977 வரை இறக்குமதிக்கு அவ்வளவு கட்டுப்பாடு, புதுக் கார் கனவிலும் கிடையாது, அதனால் கார் திருத்தும் நம் கராஜ் பாஸ்மார் இருந்ததையே வெட்டி ஒட்டி உயிரோடு வைத்திருந்தார்கள்.

பேராதனை, கம்பளை எல்லாம் சும்மா வந்து போயின. புசல்லாவையில் நிறுத்தினோம். மற்றவர்கள் சங்கம் கொடுத்த பொதியைப் பிரித்து, குளிர்ந்துபோன ரோல்ஸ் தின்றார்கள். நானும் மாமாவும் மெல்லக் கழன்று ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கல்லில் இருந்து எடுத்த தேங்காய்ப்பூ ரொட்டி, ஓரம் கருகி நடு மெத்தென்று, கூடவே கட்டச் சம்பல். செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் தேசிக்காயும், வேறொன்றும் இல்லை. நாக்கு எரிய எரிய நாலு ரொட்டி இறக்கினேன். அப்புறம் இஞ்சி பிளேன்டீ. இரண்டு பேருக்கும் சேர்த்து 700 ரூபா! இந்தப் பயணத்தில் நான் மனதாரக் கொடுத்த காசு அது மட்டும்தான்.

சரி, இனி றம்பொடை. கொத்மலை நீர்த்தேக்கம் கீழே பளபளக்க, முன்னால் ஒரு ஒஸ்டின், பின்னால் ஒரு வோக்ஸ்வாகன், நாங்கள் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறோம். வளைவு ஒன்றில் வண்டி ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. மாமா பொனட்டைத் திறந்தார். ரேடியேட்டர் கொதிக்கவில்லை. சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகியிருக்கும் என்று ஈரத்துணி சுற்றினோம். அரைமணி நேரம் போனது, ஒன்றும் நடக்கவில்லை. சங்கத்து வண்டிகள் ஹோர்ன் அடித்து, கை காட்டி, போய்விட்டன. கூட்டாகப் போவதற்கு இதற்குத்தானா 4,500?

ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பாஸ் ஒருவரைக் கூட்டிவரப் போக வர 3,000 என்றார். எத்தனை கிலோமீட்டர் என்றேன். "மலை ரோட்டு தம்பி" என்றார். தூரத்துக்கு அதுதான் பதில்! வேறு வழியில்லை, கொடுத்தோம். வந்த பாஸ் சாவியைத் திருப்பச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டார். பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்க வேண்டும், சத்தமே இல்லை. ஸ்பனர் பிடியால் பம்பில் ஒரு தட்டு. டிக் டிக் டிக். உள்ளே மின்சாரம் தொடும் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளுமாம். பாஸ் வெற்றிலைக்கு என்று 200 மட்டும் வாங்கிக்கொண்டார். மாமா அதற்குப் பிறகு நெடுநேரம் பேசவில்லை, அறுபது வருஷக் காரின் சொந்தக்காரர் அல்லவா.

லபுக்கலை தாண்டியதும் பனி. விறகுக்கட்டோடு வந்த பெரியவர் ஒருவர் எங்கள் காரைப் பார்த்ததும் சட்டென்று ரோட்டோரக் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். தோட்டத்துத் துரையின் கார் வந்தால் தாத்தா அப்படித்தான் நிற்பாராம், அம்மா சொல்லியிருக்கிறார். மாமா பிரேக் போட்டு, "ஐயா, நாங்க புசல்லாவ தோட்டத்து ஆளுக, ஏறுங்க" என்றார். அவர் உள்ளே எட்டி என் முகத்தைப் பார்த்தார், பிறகு சிரித்தார். ஏறவில்லை. "எவ்வளவுடா குடிக்குது இது?" என்று மட்டும் கேட்டார். லீட்டருக்குப் பத்துப் பதினொன்று என்றதும், "நான் நடந்தே போறேன்" என்று விறகைத் தூக்கிக்கொண்டார்.

நுவரெலியாவில் மத்தியானச் சாப்பாடு ஹோட்டலில், பதிவுக் கட்டணத்துக்குள். ஆறிய சோறு, தண்ணீர்ப் பருப்பு, கோழி கேட்டால் முடிந்துவிட்டது. பிந்தி வந்தால் இதுதான் என்றார் பரிமாறியவர். பரிசு கொடுத்தார்கள், எங்களுக்கில்லை. 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பற்றி ஒருவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் மழை கூரையில் அடித்த அடியில் பாதிதான் காதில் விழுந்தது. திரும்பும் வழியில் லீக்ஸ், கரட் வாங்கினோம், அதிலும் பேரம் தோற்றேன்.

இறக்கம் முழுக்க இரண்டாம் கியர்தான், டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. கம்பளையில் இருட்டிவிட்டது. அங்கே இடது பக்கக் கை வெளியே நீட்டியபடி சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்தே காதைக் கிழித்தான். மாமா பேராதனை வரை நேராக ஓட்டினார், நான் ஜன்னலால் கையை விட்டு அதை உள்ளே தள்ளிக்கொண்டே வந்தேன்.