புள்ளி எரிந்தால் யூகம்

வண்டி எந்த கியரில் இருக்கிறது என்று பதினைந்து வருஷமாக நான் யோசித்ததே இல்லை. கால் பார்த்துக்கொண்டது. போன வருஷம் அந்தக் கால்தான் காலை வாரியது.

வண்டி 2006 ஸ்ப்ளெண்டர் பிளஸ், டிஎன் 31. தொழில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ். கடை கடலூர் திருப்பாப்புலியூரில். இந்தத் தொழிலில் பேட்டரி தூக்காமல் பிழைக்க முடியாது. ஆசிட் ஊற்றின 150 ஏஹெச் டியூபுலர் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அதற்கப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. கரண்ட் வந்த பிறகு ஊரே இன்வெர்ட்டர் கேட்டது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் எத்தனை மாடிப்படி ஏறியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பலன், இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்தி, கடைசியில் ஆபரேஷன். வலி போய்விட்டது. இடது கால் பெருவிரலும் பாதத்தின் மேல்பக்கமும் மட்டும் மரத்தது மரத்ததுதான். செருப்பு நழுவி விழுந்தாலே நாலு அடி போனபிறகுதான் தெரியும். இடது காலில்தானே கியர்.

ஸ்ப்ளெண்டரில் எல்லா கியரும் முன்னால் மிதிப்பதுதான். நியூட்ரல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குறைக்க பின்னால் குதிகாலால் மிதிக்க வேண்டும். ஓட்டிக்கொண்டு போகும்போது பிரச்சினை இல்லை, சத்தத்தை வைத்துச் சமாளிக்கலாம். நின்றால்தான் வம்பு. மஞ்சக்குப்பம் சிக்னலில் ஒரு காலை நேரம். நாலிலிருந்து மூன்று மிதி மிதித்தேன், ஒன்றுக்கு வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு. இரண்டு மிதிதான் உண்மையில் விழுந்திருக்கிறது போல. பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டேன், ஒரு குலுக்கு, ஆஃப். பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அதே வாரத்தில் இன்னும் இரண்டு தடவை.

"ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தொலைங்களேன், கியரே இல்லாம போவும்" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான யோசனைதான். ஆனால் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இடி நேராக இடுப்புக்கு வரும். ஸ்ப்ளெண்டரின் பதினெட்டு இஞ்ச் சக்கரம் அதே பள்ளத்தை உருட்டிக்கொண்டு போய்விடும். நம்ம ஊர் ரோட்டில் ஆபரேஷன் செய்த இடுப்புக்கு அதுதான் வைத்தியம். ஆகவே காலுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்ட ஒரு நம்பர் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அக்கா மகன் பாண்டிப் பக்கம் அரியாங்குப்பத்தில் இருக்கிறான், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். சோல்டரிங்கில் அவன் கை நடுங்கும். புரோகிராமில் எனக்குத் தலை சுற்றும். பங்கு பிரித்துக்கொண்டோம்.

"ஈஸி மாமா. இன்ஜின் எத்தனை சுத்து சுத்துது, வீல் எத்தனை சுத்து சுத்துது, வகுத்தா கியர் வந்துடும்" என்றான்.

அது சரிதான். ஒவ்வொரு கியருக்கும் அந்த விகிதம் ஒன்றுதான், வேகம் எதுவாக இருந்தாலும் மாறாது. வீலுக்கு, காந்தம் கிட்டே வந்தால் சிக்னல் தருகிற ஹால் சென்சார், ஏ3144. முன்சக்கரத்தில் 36 கம்பி, ஒன்பது கம்பிக்கு ஒன்று என்று நாலு சின்னக் காந்தம். சென்சாரை ஃபோர்க்கில் கட்டி, வயரை பிரேக் கேபிளோடு சேர்த்து ஹெட்லைட்டுக்குள் கொண்டுபோனேன். பின்சக்கரத்தில் வைத்திருக்கலாம், ஆனால் செயின் கவருக்குள் இருக்கும் கிரீஸும் மண்ணும் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்ஜின் சுற்றுக்கு, மேக்னட் பக்கம் இருந்து ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயிலின் நீல வயர், மஞ்சள் கோடு போட்டது. அதிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் வழியாக எடுத்தேன். முதலில் ரெசிஸ்டரைக் குறைவாகப் போட்டுவிட்டேன். காயிலின் சிக்னலை நானே உறிஞ்சிக்கொண்டதில் வண்டி திக்கித் திக்கி இருமியது. பத்து கே போட்டதும் ஒழுங்காகிவிட்டது. பையன் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டான். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று எழுதிவைத்து, வந்த கணக்கு பொருந்தாமல் முழித்தான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த வண்டியில் ஸ்பார்க்கைத் தட்டிவிடும் மேடு ஃப்ளைவீலில் இருக்கிறது, அது கிராங்கோடு சுற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. ஒன்று வேலை செய்யும், அடுத்தது புகை வெளியே போகும் நேரத்தில் சும்மா விழும். மேக்னட் கவரைக் கழற்றிக் காட்டினேன். "சும்மா ஒரு ஸ்பார்க்கா? வேஸ்ட்டு!" என்று பையனுக்கு மனசே ஆறவில்லை.

கணக்குப் போடுவது ஆர்டுயினோ நானோ என்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு. அதற்கு ஐந்து வோல்ட் வேண்டும், வண்டியில் இருப்பது பன்னிரண்டு. ஓடும்போது பதினாலரை வரை ஏறும், நடுவில் ஊசி மாதிரி குத்துகிற வோல்டேஜும் வரும். செத்த யுபிஎஸ் போர்டுகள் கடையில் மூட்டையாகக் கிடக்கின்றன. வெளிச்சம் வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர், கெப்பாசிட்டர் எல்லாம் அதிலிருந்து பிடுங்கினேன். குத்துகிற வோல்டேஜை விழுங்க ஒரு டிவிஎஸ் டையோடு போட்டேன். ஹீரோ ஹோண்டாவுக்குள் டிவிஎஸ்ஸைப் போட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நம்பர் காட்ட இடம்? பெட்ரோல் கேஜ். டேங்க் மிதவை உப்புக்காற்றில் துருப்பிடித்து முள் செத்து ஆறு வருஷம். மீட்டர் கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, அந்த முகத்தில் சதுரமாக ஓட்டை போட்டு, சிவப்பு செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே ஒன்றைப் பதித்தேன். வெயிலில் எண்ணே தெரியவில்லை. அதன்மேல் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் இரண்டு மடிப்பு ஒட்டினதும் பின்னணி கறுத்து எண் எடுப்பாகத் தெரிந்தது. ராத்திரியில் அதே எண் கண்ணைக் குத்தியது. இருட்டில் மங்குவதற்கு, வெளிச்சத்தை உணரும் எல்டிஆர் ஒன்று சேர்த்தேன்.

அளவு எடுக்க ரோட்டில்தான் ஓட்ட வேண்டும், சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரம் சுற்றாதே. ஞாயிற்றுக்கிழமை காலை, பையன் பின்னால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரிலிருந்து அவன் மடிவரைக்கும் வயர் தொங்க, கடலூரிலிருந்து பாண்டி ரோட்டில் கிளம்பினோம். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பாண்டியிலிருந்து வருகிறவனிடம் பாட்டில் தேடுகிற இடம் அது. போகிறவனிடம் வயர் தேடினார்கள்.

"என்னாது இது?"

"கியர் எத்தனைன்னு காட்டும் சார்."

அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது சார் என்று காலைப் பற்றிச் சொன்னேன். பையனுடைய லேப்டாப்பில் எண்கள் ஓடுவதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி பெரிய கங்கணாங்குப்பம் வரைக்கும் ஒவ்வொரு கியராக ஓட்டினோம். சக்கரம் ஒரு சுற்றுக்கு இன்ஜின், நாலாவதில் ஏறக்குறைய 12 சுற்று, மூன்றாவதில் 15, இரண்டாவதில் 21, ஒன்றில் 35 பக்கம். நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் குழப்பமே இல்லை. அரியாங்குப்பம் போய்ச் சேரும்போது எண் அச்சுப் பிசகாமல் மாறிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை, அதே மஞ்சக்குப்பம் சிக்னல். நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன். டிஸ்ப்ளேயில் ஒரு கோடு.

சக்கரம் நின்றுவிட்டால் எதை எதால் வகுப்பது? எனக்கு எங்கே நம்பர் வேண்டுமோ அங்கே மட்டும் அது வாயைத் திறக்காது. ஒரு மாதம் உட்கார்ந்து செய்திருக்கிறோம், இரண்டு பேரில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. அன்று கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஓ.டி.யில், அதாவது கடலூர் ஓல்டு டவுனில், எனக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் அண்ணன்தான் வழி சொன்னார். அதற்கு முன் வழக்கம்போலக் கிண்டல். "எந்த கியர்னே தெரியாதவனுக்கு எதுக்குய்யா வண்டி?" அப்புறம் இன்ஜினின் இடது பக்கம் குந்தி, நியூட்ரல் ஸ்விட்சைத் தொட்டுக் காட்டினார். உள்ளே கியர் டிரம் சுற்றுகிறது, நியூட்ரலுக்கு வந்ததும் இந்த முனையைத் தொட்டு எர்த் ஆக்குகிறது, பச்சை விளக்கு எரிகிறது. "இது ஒண்ணுதான் பொய் சொல்லாது. இங்கேருந்து எண்ணிக்கோயேன்."

கழற்றிப் பார்த்தபோது ஸ்விட்ச் முனையில் வயர் சொருகும் இடம் முழுக்கப் பச்சைக் களிம்பு, கடற்கரை ஊர் வண்டியின் அங்க அடையாளம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் செம்பைப் பார்க்கவே கால்மணி நேரம் ஆனது. இளம்பச்சையில் சிவப்புக் கோடு போட்ட அந்த வயரிலிருந்து ஆப்டோகப்ளர் வழியாக ஒரு இணைப்பு எடுத்தேன். பிறகு கியர் லீவருக்கு அடியில் ஒரு காந்தம், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு ஹால் சென்சார். முன்னால் மிதித்தால் ஒன்று கூட்டு, பின்னால் மிதித்தால் ஒன்று கழி, பச்சை விளக்கு எரிந்தால் எல்லாவற்றையும் அழித்து 0.

சென்சார் இரண்டும் செத்த மாதிரி கிடந்தன. மீட்டர் வைத்துப் பார்த்தேன், வோல்டேஜ் வருகிறது. மாற்றிப் பார்த்தேன், புதுசும் செத்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, இந்த ஏ3144 காந்தத்தின் ஒரு முகத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். காந்தத்தைத் தலைகீழாக ஒட்டி வைத்திருக்கிறேன். அரால்டைட் போட்டு ஒட்டினதைப் பெயர்ப்பதற்குள் விரல் கிழிந்தது. முன்சக்கரக் காந்தங்களுக்கு மட்டும் சோம்பலில் குளூ கன் போட்டிருந்தேன். அக்னி நட்சத்திரத்தில் அந்தப் பசை இளகி இரண்டு காந்தம் லாரன்ஸ் ரோட்டில் எங்கேயோ போய்விட்டது. இப்போது எல்லாமே அரால்டைட், மேலே கேபிள் டை.

எண்ணிக்கையிலும் ஒரு ஓட்டை உண்டு. நின்றுகொண்டிருக்கும் வண்டியில் சில நேரம் கியர் விழாது. உள்ளே பற்கள் முட்டிக்கொண்டு நிற்கும், வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டினால்தான் சேரும். அப்படி முட்டும்போது லீவர் பாதியிலேயே நின்றுவிடும். நல்ல காலுக்கு அது தெரியும், என் காலுக்குத் தெரியாது. ஆகவே சென்சார் பட்டையை இம்மி இம்மியாக வளைத்து, லீவர் கடைசிவரை இறங்கினால் மட்டும் எண்ணும்படி வைத்தேன். இதற்கு மட்டும் மூன்று சாயங்காலம் போனது.

அப்படியும் தவறும். ஆகவே பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். வண்டி ஓடும்போது வகுத்துப் பார்த்துச் சொல்கிற எண்ணும், நிற்கும்போது லீவரை எண்ணிச் சொல்கிற எண்ணும் ஒரே மாதிரி தெரியக்கூடாது. டிஸ்ப்ளேயின் மூலையில் ஒரு தசமப்புள்ளி சும்மா கிடந்ததே, அதைப் பயன்படுத்தினான். புள்ளி இல்லாவிட்டால் அளந்தது. புள்ளி எரிந்தால் யூகம். இரண்டு அடி உருண்டு கிளட்ச் பிடித்ததும் கணக்கு சரிபார்க்கப்பட்டு, எண் தப்பென்றால் மாறி, புள்ளி அணையும். யுபிஎஸ் கம்பெனிக்காரர்கள் பேக்கப் நேரம் காட்டும் இடத்தில் இப்படி ஒரு புள்ளி வைத்தால் என் கஸ்டமர் சண்டை பாதி குறையும்.

மொத்தச் செலவு 870 ரூபாய், அக்கா வீட்டு மீன் குழம்பு சேர்க்காமல். நாலு மாதமாக ஓடுகிறது. சிக்னலில் ஆஃப் ஆனது ஒரே தடவை, அதுவும் புள்ளியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்த அன்று. ஐப்பசி மழையில் மீட்டருக்குள் ஆவி படிந்தது. கண்ணாடியைச் சுற்றி சிலிகான் போட்டு அடைத்தாயிற்று.

போன ஞாயிறு அரியாங்குப்பம் கிளம்பினேன். பெட்ரோல் பாண்டி எல்லையில் விலை குறைவு, முள்ளோடையில் போட்டுக்கொள்ளலாம் என்று கடலூரில் இரண்டு பங்க்கைத் தாண்டிவிட்டேன். பெரிய கங்கணாங்குப்பம் தாண்டினதும் இன்ஜின் இரண்டு தடவை விக்கியது. கையை ரிசர்வுக்குக் கொண்டுபோனேன், குமிழ் ஏற்கெனவே ரிசர்வில். பெட்ரோல் கேஜ் இருந்த இடத்தில் சிவப்பாக, புள்ளி இல்லாமல், அளந்து சரிபார்த்த நாலு. இன்ஜின் செத்தபிறகும் சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டிருந்ததால் வண்டி நிற்கிறவரைக்கும் அந்த நாலு அசையவே இல்லை.

பின்னால் பல்சர் பைக்கில் வந்த ஒரு பையன் நிறுத்தினான். "பெட்ரோலா அண்ணே? நியூட்ரல்ல போட்டு உக்காருங்க" என்று என் ஃபுட்ரெஸ்டில் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். முள்ளோடை பங்க் வரைக்கும் டிஸ்ப்ளே 0 காட்டிக்கொண்டே வந்தது. "இது என்னாண்ணே, பெட்ரோல் மீட்டரா?" என்றான் பையன்.