சீட் மிச்சம் இருந்தால் போகலாம்

விமானக் கம்பெனியில் வேலை என்றால் ஊரில் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான்: ஓசியில் உலகம் சுற்றலாம். டிக்கெட் மலிவு என்பது மெய். மற்ற நிறுவனங்களின் விமானத்தில்கூட ஐடி90 என்று கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், வரி தனி. ஆனால் அந்த டிக்கெட்டுக்கு இருக்கை கிடையாது. காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி, கவுண்டர் மூடிய பிறகு மிச்சம் கிடந்தால் நமக்கு. அதிலும் வேலையில் மூத்தவருக்கு முதலில். இப்படிக் காத்திருந்து போவதை நாங்கள் சப்லோடு என்போம்.

துபாய்க்கு வந்த புதிதில் கராமாவில் பெட் ஸ்பேஸ். தூத்துக்குடி, கொல்லம், ஹைதராபாத் என்று ஆளுக்கொரு கட்டில். ஒருத்தன் டூட்டி முடிந்து வந்து விளக்கைப் போடும்போது இன்னொருத்தன் அப்போதுதான் கண் அயர்ந்திருப்பான். என் வேலை லோடு கண்ட்ரோல். எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு சரக்கு, எவ்வளவு எரிபொருள், எது விமானத்தின் வயிற்றில் எந்தப் பகுதியில் என்று கணக்குப் போட்டு லோடுஷீட் தயாரிக்க வேண்டும். மொத்த எடை வரம்புக்குள் நிற்க வேண்டும், பாரமும் முன்னேயோ பின்னேயோ சாயக்கூடாது. பயணிகளை யாரும் தராசில் ஏற்றுவதில்லை, ஆளுக்கு ஒரு சராசரி எடை. என் பெரியப்பாவைப் பார்த்தால் அந்தச் சராசரி போட்டவர்கள் திருத்தி எழுதுவார்கள்.

ஜூலை பகலில் வெயில் நாற்பதைத் தாண்டும்போது காற்று லேசாகிவிடும். இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையும், எஞ்சினுக்கும் வலு குறையும். தூரத்து ஊர் விமானம் என்றால் எரிபொருளே பெரும்பாரம், அதனால் வேறெதையாவது குறைத்தாக வேண்டும். அந்த நாட்களில் சீட் காலியாகக் கிடக்கும், ஆனாலும் சப்லோடு ஆளை ஏற்ற முடியாது. "சீட் இருக்கே அண்ணே" என்று போனில் கெஞ்சுகிறவனிடம் "எடை இல்ல தம்பி" என்று சொல்ல வேண்டியவன் நான். அவன் தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பி நிற்பான். என் எண்கள் அதைக் கேட்காது.

எனக்கும் அதே கதிதான். எங்கள் ஊருக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் வழியாகப் போக வேண்டும். ஓணத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் அந்த விமானத்தில் எள் போட இடம் இருக்காது. "எப்பய்யா வார?" என்று அம்மா கேட்டால், "ஏறி உக்காந்த பொறவு சொல்லுதேம்மா" என்பேன். வருஷத்துக்கு ஒரு உறுதி டிக்கெட் கம்பெனி கொடுக்கும். அது தவிர எந்த நல்லது கெட்டதுக்கும் நாள் சொல்லிப் போனது கிடையாது.

கல்யாணம் ஆன பிறகு அல் நஹ்தாவில் வீடு எடுத்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் ஷார்ஜா. ராத்திரி ஷிப்ட் வாரங்களில் நான் பகலெல்லாம் தூங்க, அவள் சத்தத்தைக் குறைத்து டிவி பார்க்கப் பழகினாள், குக்கர் வைக்கக்கூட நான் எழும் நேரம் பார்ப்பாள். ஒருநாள், "இத்தன பிளேன அனுப்பி வைக்கீங்க, நாம எங்கயும் போகலையே" என்றாள். மாலத்தீவு என்று முடிவானது.

அவள் தண்ணீர் மேல் நிற்கும் வில்லாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் எந்தத் தேதியில் லோடு குறைவு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. மழைக்குப் பயந்து கூட்டம் குறையும், ரிசார்ட் விலையும் இறங்கும், விமான ஊழியர் சலுகை வேறு. தண்ணீரில் இறங்கும் சீப்ளேன் மட்டும் வேண்டாம் என்றேன். அது பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். எந்த விமானத்தில் இடம் கிடைக்கும் என்றே தெரியாதவன் சாயங்காலத்துக்குள் போய் நிற்பேன் என்று எப்படிச் சொல்வது? ஸ்பீடு போட்டிலேயே போய்ச் சேருகிற தூரத்தில் ஒரு ரிசார்ட் போதும்.

மாலத்தீவின் வெலானா விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே என்கிற தீவில். வாசலைத் தாண்டினால் எதிரே படகுத்துறை. 2018இல் பாலம் திறந்ததிலிருந்து தலைநகர் மாலேக்கு வண்டியிலும் போகலாம், ரிசார்ட்டுக்கென்றால் படகுதான். 1972இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது. இன்றைக்கும் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். மின்சாரத்துக்குச் சொந்த ஜெனரேட்டர், குடிக்கக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை. நாங்கள் போன தீவில் கடிகாரத்தைக்கூட மாலே நேரத்துக்கு ஒரு மணி முன்னால் வைத்திருந்தார்கள், விருந்தாளிக்கு மாலை வெயில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. துபாய், மாலே, தீவு என மூன்று நேரத்தில் திரும்பும் விமானத்தின் லோடைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத்தான் தலை சுற்றியது.

கடலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, படங்களில் இருப்பது போலத்தான். வில்லாவுக்கு அடியில் முழ நீளச் சுறாக்குட்டிகள் வரும், அவள் அவற்றைப் பார்த்தபடி படியிலேயே உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கப் போனவளைப் பரிமாறுகிற பையன் பதறித் தடுத்தான். அவளுக்கு அங்கே ரொம்பப் பிடித்தது என்னவென்று கேட்டேன். "நீங்க ராத்திரியில தூங்கினது" என்றாள்.

எனக்குப் பிடித்தது தீவின் பின்பக்கம். மரங்களுக்கு மறைவில் ஊழியர் குடியிருப்பு, கேன்டீன், கொடியில் காயும் சீருடைகள். பங்களாதேஷ், இலங்கை, நம்மூர் ஆட்கள். அவள் என்னைத் திட்டியதைக் கேட்டே "தமிழா?" என்று வந்தார் ஒரு சமையல்காரர், சிவகங்கைப் பக்கம். லீவு நாளில் ஸ்டாஃப் படகில் மாலே போய், ஊருக்குப் பணம் அனுப்பி, ஒரு டீ குடித்துத் திரும்புவாராம். கராமா அறையை அங்கே அப்படியே பார்த்தேன், கடல் மட்டும் கூடுதல். மறுநாள் காலை பஃபேயில் இருந்ததை விட்டுவிட்டு எங்களுக்கு மாஸ் ஹுனி கொண்டுவந்தார். சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்தது, கூட ரொட்டி. இதே சூரையை அவித்துப் புகை போட்டுக் காயவைத்தால் எங்கள் வீட்டு மாசிக் கருவாடு. "எங்கம்மா சம்பல் இதவிட உறைக்கும்ணே" என்றேன். "அப்ப பார்சல் அனுப்புங்க" என்றார்.

திரும்பும் நாளில் வேறொரு விமானம் ரத்தாகி, அதன் பயணிகள் எங்கள் விமானத்துக்கு வந்துவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் எத்தனை பேருக்குப் போனில் செய்திருக்கிறேன்.

"எடை இல்லையா, சீட் இல்லையா?" என்றாள் இவள்.

"சீட்டே இல்ல."

பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஒரு விடுதியில் அறை எடுத்து, டூட்டியை மாற்றிக்கொள்ள ஆள் தேடி, அடுத்த நாள் ராத்திரி விமானத்தில் தனித்தனி வரிசையில் இடம் கிடைத்தது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவைச் சேர்த்தால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது போய்விட்டது. அந்தக் கணக்கை அவளே போட்டு எனக்குக் காட்டினாள், லோடுஷீட் மாதிரி கூட்டல் கழித்தலோடு.

வைகாசியில் மச்சினன் கல்யாணம். வேறொரு கம்பெனி விமானத்தில் முழுக்காசு கொடுத்து உறுதி டிக்கெட் இரண்டு போட்டிருக்கிறோம். ஆபீசில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மாமாவிடம் தேதி, நேரம் எல்லாம் சொல்லியாச்சு, திருவனந்தபுரத்துக்கே கார் அனுப்புகிறாராம்.