வேகமாகச் சப்பியும் எடை கூடாத குழந்தை: தேர்வுக்கு நான் படித்த விதம்

கருவிலேயே போதைப்பொருளின் தாக்கத்துக்கு உள்ளான பச்சிளங்குழந்தைகள் பற்றிய பாடத்தைச் செவிலியர் மாணவர்கள் பெரும்பாலும் அறிகுறிப் பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள். நடுக்கம், கீச்சென்ற அழுகை, தும்மல், கொட்டாவி, வியர்வை என்று அது நீண்டுகொண்டே போகும். தேர்வு அறையில் பாதி நினைவுக்கு வராது. நான் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தேன். ஓயாமல் கையைச் சப்பி, பாலுக்குத் தவிக்கும் குழந்தை ஏன் எடை குறைகிறது?

தொப்புள்கொடி துண்டிக்கப்பட்டதும் தாயிடமிருந்து வந்த ஓபியாய்டு (அபினைப் போல உடலில் செயல்படும் பொருள்) நின்றுவிடுகிறது. அதற்குப் பழகிப்போன குழந்தையின் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது. சப்பும் வேகம் இருந்தாலும் சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று இசைவதில்லை. மார்பைப் பற்றுவதற்குள் அழுகை முந்திக்கொள்கிறது. குடித்த பாலிலும் ஒரு பங்கு வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் போய்விடுகிறது. விறைத்த தசைகளும் தூக்கமின்மையும் மிச்சமிருக்கும் கலோரியை எரிக்கின்றன. இது புரிந்துவிட்டால் பராமரிப்பு முறைகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை: மங்கிய வெளிச்சம், துணியில் இதமாகச் சுற்றுதல், பசித்து அலறும் முன்பே சிறிது சிறிதாக அடிக்கடி பாலூட்டுதல், இடையிடையே நிறுத்தி ஏப்பம் விடச் செய்தல், தினமும் எடை பார்த்தல். எடை ஏறவே இல்லையென்றால் கலோரி கூட்டிய பால்.

தாய் எடுத்தது ஹெராயின் என்றால் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே தெரியும். ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோன் என்றால் 2, 3 நாட்கள்கூட ஆகலாம். முதல் நாள் நன்றாகக் குடித்தது என்பதை நம்பி விடை எழுதிவிடாதீர்கள்.

மதிப்பீட்டில் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும், 1975-இல் வெளியான ஃபின்னகன் அட்டவணையோடு, 'உண், உறங்கு, தேற்று' முறையையும் படியுங்கள். குழந்தை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 30 மில்லி பால் குடிக்கிறதா அல்லது தாயிடம் நன்றாகக் குடிக்கிறதா, தொடர்ந்து 1 மணி நேரம் தூங்குகிறதா, 10 நிமிடத்துக்குள் தேறுகிறதா என்று இது பார்க்கிறது. குழந்தையைக் குழந்தையாகப் பார்ப்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

பலர் தவறவிடுவது தாய்ப்பால் கேள்வியைத்தான். மெத்தடோன் அல்லது அதே பயனுள்ள புப்ரெனார்ஃபின் சிகிச்சையில் நிலையாக இருக்கும் தாய், வேறு போதைப்பொருள் எடுக்காமலும் பாலூட்டுவதற்கு வேறு மருத்துவத் தடை இல்லாமலும் இருந்தால், பாலூட்ட ஊக்குவிக்க வேண்டும். பாலில் கலக்கும் மருந்து மிகக் குறைவு. வாய்மொழித் தேர்விலும் அந்தத் தாயைக் குற்றவாளியைப் போலப் பேசாதீர்கள். அவரையும் நம் பராமரிப்பில் இருப்பவராகச் சேர்த்தே விடை சொல்லுங்கள்.